அத்தியாயம் 7: கண்ணாடியில் ஒரு டிக்கெட் – லண்டனில் பார்க்கிங் தண்டத்தை மறுப்பது எப்படி?

லண்டன் வீதிகளில் வார்டன்கள் டிக்கெட் வைக்கத் தொடங்கியது 1960 செப்டெம்பரில். முதல் டிக்கெட் ஒரு டாக்டரின் காருக்குப் போனது. வெஸ்ட் எண்ட் ஹோட்டல் ஒன்றில் மாரடைப்பு வந்தவரைப் பார்க்க ஓடியவர் திரும்பி வந்தபோது, கண்ணாடியில் 2 பவுண் தண்டம் காத்திருந்தது. ஊர் கொதித்தது. தண்டம் தள்ளுபடியானது.

அந்த டாக்டரின் கார் நிற்கக்கூடாத இடத்தில்தான் நின்றது. அவரைக் காப்பாற்றியது இரக்கம். 'நான் பிழை செய்யவில்லை' என்று சொல்லி வெல்வது வேறு. இன்றைய நடைமுறையில் இவை இரண்டும் தனித்தனிக் கதவுகள். பிழை செய்யவில்லை என்பதை இந்த அத்தியாயத்தில் 'மறுப்பு' என்றும் இரக்கம் கேட்பதை 'வேண்டுகோள்' என்றும் சொல்வோம். நம்மவர்களின் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு கதவையும் ஒன்றாகத் தட்டுகின்றன: "நான் அங்கே நிறுத்தவேயில்லை, நிறுத்தியிருந்தாலும் அஞ்சு நிமிசம்தான், பிள்ளைக்குச் சுகமில்லை." படிப்பவருக்கு மூன்றிலும் நம்பிக்கை போய்விடும்.

எந்தக் கதவு, எந்தத் தேதிக்குள், எந்தக் காகிதத்தோடு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. டிக்கெட் யாருடையது?

கோபம் ஆறியதும் முதல் வேலை, தலைப்பை எழுத்தெண்ணிப் படிப்பது. 'பெனல்ட்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றால் அது கவுன்சில் அல்லது 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' கொடுத்தது. 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றால் தனியார் நிறுவனம் கொடுத்தது. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். என்றுதான் வரும். ஒரே மாதிரி உறை, ஒரே மாதிரிக் கட்டங்கள். குழப்பம் தற்செயலானதென்று நினைக்க வேண்டாம்.

கவுன்சில் டிக்கெட்டுக்குப் பின்னால் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. இது குற்றவியல் வழக்கு அல்ல. உரிமத்தில் புள்ளி ஏறாது, பொலிஸ் பதிவும் இல்லை. ஆனால் பேசாமல் விட்டால் தொகை ஏறி, கடைசியில் வசூல்காரர் வாசலுக்கு வருவார்.

தனியார் டிக்கெட் ஓர் ஒப்பந்தக் கடன். சுப்பர்மார்க்கெட், ஜிம், தொடர்மாடி வளவு போன்ற இடங்களில் வருவது. 'தனியார் டிக்கெட்டைக் கிழித்துப் போடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று கோவில் வாசலில் இன்றும் ஆலோசனை சொல்வோர் உண்டு. அது பழைய கதை. 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும், உரிய முறையில் அறிவித்தல் அனுப்பியிருந்தால் பதிவுப் பெயருடையவரிடம் கேட்க வழி செய்தது. 2015இல், செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதித் தரிப்பிடத்தில் விதிக்கப்பட்ட 85 பவுண் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. தனியார் டிக்கெட்டை மறுக்க முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் நிராகரித்தால், அவர்கள் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதற்கேற்பப் 'பொப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற மேன்முறையீட்டுச் சேவைக்குப் போகலாம். எது என்று அவர்களின் நிராகரிப்புக் கடிதமே சொல்லும்.

இனி வருவதெல்லாம் கவுன்சில் டிக்கெட்டைப் பற்றியது.

2. முதல் பத்து நிமிடம்

வார்டனோடு வாதாடாதீர்கள். ஊரில் நாலு வார்த்தை பேசினால் காரியம் நடக்கும். இங்கே டிக்கெட் கொடுத்தாயிற்று என்றால் அதை ரத்துச் செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. பேச்சு இனிக் காகிதத்தில்தான். நீங்கள் கத்தியதை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அது பிறகு உங்கள் கோப்பில் வந்து நிற்கும்.

காரை நகர்த்துவதற்கு முன் போனை எடுங்கள்:

• கார் நின்ற இடம்: நாலு சக்கரமும் கோடுகளும் ஒரே படத்தில் தெரியும்படி.
• அருகிலுள்ள அறிவிப்புப் பலகை: எழுத்து வாசிக்கும்படி ஒரு படம்; காருக்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியும்படி இன்னொன்று.
• பலகை இல்லையென்றால், அந்த வீதியின் இரு முனை வரை நடந்து ஒரு வீடியோ.
• அழிந்த கோடு, மரக்கிளை மறைத்த பலகை, குப்பைத்தொட்டி மறைத்த குறியீடு.
• பணம் கட்டிய ஆப்பின் பற்றுச்சீட்டு, கண்ணாடியில் வைத்த அனுமதி அட்டை.

நாளைக்கு வந்து எடுக்கலாம் என்று போனால், இரவோடிரவாகக் கிளை வெட்டப்பட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கவுன்சிலின் இணையத்தளத்தில் டிக்கெட் எண்ணையும் வாகன எண்ணையும் கொடுத்து வார்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். பலர் இதைச் செய்யாமலே கடிதம் எழுதுகிறார்கள். எதிராளியின் கையில் என்ன சீட்டு என்று பார்க்க அனுமதி இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு ஆடுவானேன்?

3. நம்மவர்கள் அடிக்கடி அகப்படும் இடங்கள்

டிக்கெட்டில் இரண்டிலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். உங்கள் மறுப்பு அந்த எண்ணுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

*01, மஞ்சள் கோடு.* இரட்டை மஞ்சள் கோட்டுக்குப் பலகையே தேவையில்லை. ஒற்றை மஞ்சளுக்கு நேரம் எழுதிய பலகை வேண்டும். ஆனால் அந்தப் பகுதி 'கன்ட்ரோல்ட் பார்க்கிங் சோன்' என்றால் நேரம் வலய நுழைவுப் பலகையில் மட்டும் இருக்கலாம். "என் முன்னால் பலகை இல்லை" என்ற வாதம் அங்கே எடுபடாது. நுழைவுப் பலகை இல்லை, அல்லது வாசிக்க முடியாதபடி திரும்பிக் கிடந்தது என்றால் எடுபடும். ஆளை ஏற்றி இறக்குவதற்கும், கனமான பொருளை ஏற்றி இறக்குவதற்கும் பொதுவாக விலக்கு உண்டு. நடைபாதை விளிம்பிலும் சிறு மஞ்சள் கோடுகள் குறுக்கே இருந்தால் பொருள் ஏற்றி இறக்கத் தடை இருக்கிறது என்று அர்த்தம்.

*05, கட்டிய நேரம் முடிந்தது.* தரிப்பிடக் கட்டத்தில் முறையாகக் கட்டிய, அல்லது இலவசமாகத் தரப்பட்ட நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் வரை தண்டம் விதிக்க முடியாது. 2015 முதல் இது சட்டம். உங்கள் நேரம் 3.00க்கு முடிந்து, டிக்கெட் 3.08க்கு என்றால் இதுவே போதும். ஆனால் மஞ்சள் கோட்டில் இந்தப் பத்து நிமிடம் கிடையாது. பணமே கட்டாமல் நின்றவருக்கும் கிடையாது.

*12, குடியிருப்பாளர் தரிப்பிடம்.* அனுமதி இருந்தும் காட்டாதது, புதுக் கார் வாங்கி எண்ணை மாற்றாதது, விருந்தாளிக்குப் பழைய தேதியிட்ட அட்டை கொடுத்தது. இவற்றில் பெரும்பாலானவை வேண்டுகோளுக்குரியவை.

*27, இறக்கிய நடைபாதை விளிம்பு.* வீட்டு வாசலிலோ வீதி முனையிலோ விளிம்பைச் சரித்திருக்கும் இடம். இதற்குக் கோடும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரே ஒரு வீட்டுக்கான வாசல் என்றால், அந்த வீட்டாரின் சம்மதத்தோடு நிறுத்தியது விலக்காகும். அவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

*62, நடைபாதையில் சக்கரம்.* லெஸ்டரிலிருந்தோ பேர்மிங்ஹாமிலிருந்தோ லண்டனுக்கு வீடு மாறியவர்கள் மாட்டிக்கொள்வது இதில். 1974ஆம் ஆண்டின் சட்டத்தால், லண்டனில் பலகை அனுமதித்த இடங்களைத் தவிர எங்கும் ஒரு சக்கரம்கூட நடைபாதையில் ஏறக்கூடாது.

*சிவப்புக் கோடு.* ஹைகேட் முருகன் கோவில் இருக்கும் ஆர்ச்வே வீதி செங்கோட்டு வீதி. தேர், திருவிழா என்று அம்மாவை வாசலில் இறக்கிவிடக் காரை ஓரம் கட்டினாலே மீறல்தான். மஞ்சள் கோட்டின் ஏற்றி இறக்கும் விலக்கு சிவப்பில் செல்லாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், டிக்கெட் தபாலில் வரும்.

கேமராவைப் பற்றி ஒரு சொல். 2015க்குப் பிறகு, செங்கோட்டு வீதி, பஸ் நிறுத்தம், பாடசாலை வாசல் வளைகோடு போன்ற சில இடங்களுக்கு மட்டுமே கேமராவை வைத்துப் பார்க்கிங் டிக்கெட் அனுப்பலாம். சாதாரண மஞ்சள் கோட்டுக்குக் கேமரா டிக்கெட் வந்திருந்தால், அதை அப்படியே கட்டிவிடாதீர்கள்.

4. நாட்காட்டி

லண்டனில் கடுமையான மீறலுக்குத் தொகை 160 பவுண் வரை போகும். அதை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

*முதல் 14 நாள்:* பாதித் தொகை, 80 பவுண். டிக்கெட் கிடைத்த நாளே முதலாம் நாள். கேமரா வழியாகத் தபாலில் வந்த பார்க்கிங் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை 21 நாள். பாதியைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. கட்டிவிட்டு வாதாட முடியாது.

*இதே 14 நாளுக்குள் முதல் மறுப்பு:* கண்ணாடியில் வைத்த டிக்கெட்டுக்கு இது உண்டு. கவுன்சில் நிராகரித்தாலும், வழக்கமாகப் பாதித் தொகைக்கு இன்னொரு 14 நாள் தருவார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு கடிதம் எழுதுவதால் ஏறக்குறைய நட்டமே இல்லை.

*28 நாள் கடந்தால்:* பதிவுப் பெயருடையவருக்கு 'நோட்டீஸ் டு ஓனர்' வரும். இனி முழுத் தொகை. இது கிடைத்து 28 நாளுக்குள் முறைப்படியான மறுப்பை அனுப்ப வேண்டும். முதல் கடிதம் எழுதியிருந்தாலும் மறுபடி எழுதத்தான் வேண்டும். தபாலில் வந்த டிக்கெட்டுக்கு இந்தப் படி தனியாக வராது. அந்த டிக்கெட்டே இதன் இடத்தில் இருக்கிறது.

*கவுன்சிலுக்கு 56 நாள்:* அதற்குள் பதில் தராவிட்டால் உங்கள் மறுப்பு ஏற்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். அனுப்பியதற்கான அத்தாட்சியைக் கவனமாக வைத்திருங்கள்.

*மறுப்பை நிராகரித்தால் 28 நாள்:* 'லண்டன் டிரைபியூனல்ஸ்' என்ற சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு.

*எதுவும் செய்யாவிட்டால்:* 'சார்ஜ் சர்ட்டிபிக்கேட்' வந்து தொகை பாதி கூடும். 80இல் முடிந்திருக்க வேண்டியது 240 ஆகும்.

5. மறுப்பா, வேண்டுகோளா?

மறுப்புக்குச் சட்டம் ஏற்கும் காரணங்கள் நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கும். சாரம் இது: சொன்ன மீறல் நடக்கவில்லை; அன்று வாகனம் உங்களுடையதல்ல; உங்கள் சம்மதமின்றி யாரோ எடுத்துப் போனார்கள்; வாகனம் வாடகை நிறுவனத்தினுடையது, பொறுப்பு வாடகைக்கு எடுத்தவருடையது; கேட்ட தொகை கூடுதல்; கவுன்சில் நடைமுறையில் பிழை செய்தது; வீதிக்கான போக்குவரத்து ஆணை செல்லாது; ஏற்கெனவே கட்டியாயிற்று.

"தம்பிதான் ஓட்டினவன்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. வேக மீறலில் ஓட்டியவரின் பெயரைக் கொடுக்கலாம். பார்க்கிங்கில் பொறுப்பு உரிமையாளரின் தலையில். தம்பியிடம் காசு வாங்குவது வீட்டு விவகாரம். காரை விற்றுவிட்டீர்கள் என்றால் விற்ற தேதிக்கான ஆதாரமும், தெரிந்திருந்தால் வாங்கியவரின் பெயர், முகவரியும் தர வேண்டும்.

நடைமுறைப் பிழை என்றதும் எழுத்துப்பிழை தேடிப் பூதக்கண்ணாடியோடு உட்காராதீர்கள். காரின் நிறம் தவறு என்பதால் மட்டும் டிக்கெட் விழாது. வாகன எண், வீதி, நேரம், கட்டும் காலம் ஆகியவற்றில் பிழை இருந்தால் அது கனமான பிழை. கோடு சற்று அழிந்திருந்தாலும் இதே கதைதான். தீர்ப்பாளர் கேட்பது, சாதாரணக் கவனமுள்ள ஓட்டுநருக்கு இங்கே நிறுத்தக்கூடாது என்று புரிந்திருக்குமா என்பதே. புரிந்திருக்கும் என்றால் அழிந்த அங்குலங்கள் உதவாது.

வேண்டுகோளின் கதை வேறு. மருத்துவ அவசரம், கார் பழுது, வீட்டில் மரணம், ஆப்பில் பழைய காரின் எண்ணைத் தட்டியது. இவற்றை மன்னிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. முதல் தடவை என்றால் வாய்ப்பும் கூடுதல். தீர்ப்பாளர் இரக்கப்பட்டாலும், தண்டத்தைத் தானாக ரத்துச் செய்ய முடியாது; 'ரத்துச் செய்வதைப் பரிசீலியுங்கள்' என்று கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கவே முடியும். ஆகவே வேண்டுகோள் உங்கள் ஒரே ஆயுதம் என்றால் அதன் முழுப் பலத்தையும் கவுன்சிலுக்கு எழுதும் கடிதத்திலேயே காட்டுங்கள். தீர்ப்பாயத்துக்கென்று மிச்சம் வைக்காதீர்கள்.

6. கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். எலும்புக்கூடு எந்த மொழியிலும் ஒன்றுதான். 05 குறியீட்டுக்கு ஒரு மாதிரி:

*"டிக்கெட் எண் …, வாகன எண் …. இந்தத் தண்டத்தை மறுக்கிறேன். காரணம்: மீறல் நடக்கவில்லை.*

*அன்று பிற்பகல் 2.00 முதல் 3.00 மணி வரை பணம் செலுத்தியிருந்தேன். டிக்கெட் 3.08க்கு வழங்கப்பட்டது. கட்டிய நேரம் முடிந்து 10 நிமிடத்துக்குள் தண்டம் விதிக்க முடியாது.*

*இணைப்பு 1: பணம் செலுத்திய பற்றுச்சீட்டு. இணைப்பு 2: டிக்கெட்டின் படம், நேரம் வட்டமிடப்பட்டுள்ளது.*

*தண்டத்தை ரத்துச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."*

அவ்வளவுதான். 'இருபது வருசமாக வரி கட்டுகிறேன்', 'வார்டனுக்குக் கமிஷன்', 'முன்னால் நின்ற காருக்கு ஏன் வைக்கவில்லை' என்பவற்றை மனத்துக்குள் எழுதி அங்கேயே கிழித்துவிடுங்கள். வேண்டுகோள் என்றால் முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்: மீறல் நடந்தது உண்மை, நடந்ததற்குக் காரணம் இது, ஆதாரம் இது. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். பழுதென்றால் கராஜின் பில்.

இணையத்தில் அனுப்பினால் ஒப்புகைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். தபாலில் அனுப்பினால் தபாலகத்தில் அத்தாட்சிச் சீட்டுக் கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள்.

7. தீர்ப்பாயம்

கவுன்சிலின் முதல் 'இல்லை' வந்த அன்றுதான் உண்மையான முடிவு எடுக்கும் நாள். 80 கொடுத்து முடிப்பதா, 160ஐப் பணயம் வைத்து மேலே போவதா? ஆதாரத்தை மேசையில் பரப்பி, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாய் திறந்து விளக்காமலே அவருக்குப் புரிந்தால் மேலே போங்கள். 'இல்லை, அன்றைக்கு என்ன நடந்ததென்றால்…' என்று தொடங்க வேண்டியிருந்தால் 80ஐக் கட்டுவதே லாபம்.

போவதென்றால் பயம் வேண்டாம். மேன்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பாளர்கள் கவுன்சில் ஊழியர்கள் அல்ல. சட்டத் தகுதி பெற்றவர்கள். காகிதங்களை வைத்து மட்டும் தீர்க்கும்படி கேட்கலாம், அல்லது விசாரணையில் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினால் மகளோ நண்பரோ உங்கள் சார்பில் பேசலாம். தோற்றால் கவுன்சிலின் செலவு உங்கள் தலையில் விழாது. வேண்டுமென்றே தொந்தரவாக அல்லது முற்றிலும் நியாயமின்றி நடந்தவருக்கு மட்டுமே அது. தண்டத்தொகையைக் கட்டினால் போதும்.

முன்னைய தீர்ப்புகளின் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது. உங்கள் வீதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதே பலகையை வைத்து முன்பு யாராவது வென்றிருந்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம். தீர்ப்பாளரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கவனிக்க வைக்கும். மேன்முறையீடு பதிவானதும், ஆதாரக் கோப்புத் தயாரிக்கும் வேலைக்குப் பதிலாகக் கவுன்சிலே விட்டுக்கொடுப்பதும் உண்டு.

8. பிந்திவிட்டால்

வீடு மாறி, பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றாமல் விட்டவர்களுக்கு முதல் செய்தி வசூல்காரரின் கதவுத் தட்டலாகவே வரும். முந்தின கடிதங்களெல்லாம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். முகவரியை மாற்றாததற்கே 1,000 பவுண் வரை தனித் தண்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அப்போதும் ஒரு வழி இருக்கிறது. நோர்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்துக்கு டி.ஈ.9 என்ற படிவம். வசூல் ஆணை கிடைத்து 21 நாளுக்குள் அனுப்ப வேண்டும்; பிந்தியிருந்தால் ஏன் பிந்தியது என்று டி.ஈ.7 படிவத்தையும் சேர்க்க வேண்டும். 'நோட்டீஸ் எனக்கு வரவில்லை', 'மறுப்பு அனுப்பினேன், பதில் வரவில்லை', 'மேன்முறையீடு செய்தேன், முடிவு வரவில்லை', 'முழுதும் கட்டிவிட்டேன்' ஆகிய நாலில் ஒன்று உண்மையாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். இது நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் வாக்குமூலம். பொய் சொன்னால் 160 பவுண் பிரச்சினை நீதிமன்ற அவமதிப்பு வழக்காகிவிடும். டிக்கெட் நியாயமா என்பதை இந்த மையம் பார்க்காது. படிவம் ஏற்கப்பட்டால் வசூல் ஆணை ரத்தாகி, விஷயம் மறுபடி கவுன்சிலின் மேசைக்குத் திரும்பும். சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்ட

டிக்கெட்டின் நகலை ஒட்டி, அதன் மேல் கையால் எழுதுங்கள்: கிடைத்த தேதி; 14ஆம் நாள்; 28ஆம் நாள்; எழுதிய கடிதம் போன தேதி; கவுன்சிலின் கெடு. பக்கத்தில் ஒரே சொல்: 'மறுப்பு' அல்லது 'வேண்டுகோள்'. இரண்டையும் எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிட்டு, வார்டனின் படங்களை இன்னொரு தடவை பாருங்கள்.